இருபத்தொன்பதாம் வருஷத்துக் காசு

ஜனவரி 12

தம்பிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாதே, அதனால்தான் எழுதுகிறேன். முகவரியை உன் லிஃப்ட் கம்பெனியில் கேட்டு வாங்கினேன். போனை எடுத்த பெண், "அவருக்கு அக்கா இருக்காங்களா?" என்று கேட்டாள். நல்லா இருக்குடா.

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. அன்றைக்கு நான் போனில், "நீ வராம இருக்கிறதே நல்லது, வந்தா எல்லாரும் பழசைக் கிளறுவாங்க" என்று சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சாவு வீட்டில் புத்தி ஒரு நிலையில் இல்லை என்று சாக்குச் சொல்லலாம். சொல்லவில்லை.

இப்போது எழுதுவது வேறு காரியத்துக்கு. அப்பாவுடைய வெள்ளிக் காசுகள் உனக்கு ஞாபகம் இருக்கும். தொடர்ந்து அச்சடித்த முப்பத்து நாலு வருஷம், வருஷத்துக்கு ஒன்று, முப்பத்து நாலு காசு. எல்லாவற்றையும் சோதனைக்கு அனுப்பி, தரம் போட்டு, சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் வாங்கி வைத்திருந்தார். அதே காசுகளுக்கு என்று வருஷம் அச்சடித்த ஓட்டைகளோடு பெரிய ஆல்பம் ஒன்றும் வாங்கினார். சாகும் வரை ஒரு காசைக்கூட அதில் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "உடைக்க மனசு வரல" என்பார்.

இப்போது அம்மா பிடிவாதமாக நிற்கிறாள். "பெட்டி பெட்டியா செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு. அந்த மனுஷன் ஆசையா வாங்கின ஆல்பம் காலியா கிடக்கு. உடைச்சு அதுல வச்சுக் குடுடி" என்று தினமும் சொல்கிறாள். பல் செட் செய்கிறவளுக்குப் பிளாஸ்டிக் உடைக்கத் தெரியாதா என்று கேட்காதே. உடைக்கத் தெரியும். காசில் கீறல் விழாமல் உடைக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவோடு உட்கார்ந்து காசைப் பார்த்தவன் நீதான். எப்படி என்று இரண்டு வரி எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அக்கா


ஜனவரி 23

அக்காவுக்கு,

உடைக்காதே. சீல் போனால் மதிப்பு பாதியாகும்.

அம்மா விடமாட்டாள் என்றால் இப்படிச் செய். பெட்டியைத் தடித்த துண்டில் சுற்று. மூலையைக் குறடால் நெரி, நடுவில் கை வைக்காதே. விரிசல் விழுந்ததும் இரண்டாகப் பிரியும். உள்ளே வெள்ளை வளையம் ஒன்று காசின் விளிம்பைச் சுற்றிப் பிடித்திருக்கும். அதைப் பின்னாலிருந்து கட்டைவிரலால் தள்ளு. காசின் முகத்தைத் தொடாதே, தொட்டால் ரேகை காலத்துக்கும் நிற்கும். விளிம்பை இரண்டு விரலால் பிடித்துத்தான் தூக்க வேண்டும். துடைக்கவே கூடாது.

லேபிள்களைத் தூக்கிப் போடாதே. ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பரைச் சொன்னால் சோதனை செய்த இடத்தில் படமும் தேதியும் காட்டுவார்கள். எந்தக் காசுடையது எந்த லேபிள் என்று எழுதி ஒரு கவரில் போடு.

லிஃப்ட் கம்பெனியில் யாரிடமும் குடும்பக் கதை பேசுவதில்லை. அவ்வளவுதான்.

தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நான் சனி ஞாயிறிலேயே முப்பத்து நாலையும் உடைத்து முடித்துவிட்டேன். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் வேலை செய்கிற பல் லேபிலிருந்து மாவுக்கட்டு வெட்டும் குறடைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக நெரித்து, காசைப் பஞ்சில் கொட்டினேன். உடைந்த பிளாஸ்டிக் ஒரு மூட்டை சேர்ந்தது. லேபிள்களையும் அதோடு வாரி முடிந்து வைத்தேன். திங்கள்கிழமை குப்பை வண்டி எடுத்துப் போய்விட்டது. திட்டாதே, கொஞ்சம் பொறு. மீதியைப் படித்துவிட்டுச் சேர்த்துத் திட்டு.

ஆல்பத்தில் வைப்பதை மட்டும் உன் கடிதத்துக்காக நிறுத்தி வைத்திருந்தேன். புதன் சாயங்காலம் நீ சொன்ன மாதிரியே விளிம்பைப் பிடித்துப் பிடித்து வைத்தேன். விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக இருக்குமே, அது விரலில் உரசும். இருபத்தொன்பதாம் வருஷத்துக் காசை எடுத்தபோது ஒரு இடத்தில் உரசவில்லை. அரிசி அகலத்துக்கு வழவழவென்று இருந்தது. விளக்கடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அங்கே பல்லெல்லாம் அரத்தால் ராவப்பட்டிருந்தது. ராவின இடத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு.

தம்பி, அந்த மஞ்சளை எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அம்மாவின் சங்கிலியில் தொங்கின வெள்ளிக் காசின் வளையம் கழன்றுபோனது. மாமா சாவதற்கு முன் அம்மாவுக்குப் போட்டுவிட்ட சங்கிலி. நகைக்கடைக்குப் போக வேண்டாம் என்று லேபிலேயே வைத்து நான்தான் பற்றவைத்துக் கொடுத்தேன். பல் கம்பிக்கு வைக்கிற பற்றுதான் கையில் இருந்தது. வெள்ளியில் மஞ்சளாகத் துருத்திக்கொண்டு நின்றது. "என்னடி, காசுக்குத் தங்கப் பல் கட்டியிருக்க" என்று அம்மா சிரித்தாள். எந்த நகைக்கடைக்காரனும் அதை வெள்ளியில் வைக்க மாட்டான்.

அது அம்மாவின் காசு. சங்கிலியோடு காணாமல் போய், நீதான் திருடினாய் என்று வீட்டில் எல்லாரும் சொன்ன காசு.

ராவின கோடுகள் ஒரே பக்கமாக ஓடி, கடைசியில் ஒன்று குறுக்கே போகிறது. அப்பா சாவி ராவும்போது அப்படித்தான் முடிப்பார். அவருடைய சாவிக் கடையில் எத்தனை ஆயிரம் சாவி பார்த்திருப்போம்.

அவருக்கு அந்த ஒரு வருஷம்தான் கிடைக்காமல் இருந்தது. நீ வீட்டை விட்டுப் போன மறு வருஷம், யாரோ ஒரு வியாபாரியிடம் வாங்கினேன் என்று சீல் வைத்துக் கொண்டுவந்தார். மற்றப் பெட்டிகளில் எல்லாம் தர எண் இருந்தது. இதில் தர எண் இல்லை, இங்கிலீஷில் ஏதோ இரண்டு வரி இருந்தது. கேட்டதற்கு, "ரொம்ப அபூர்வமான காசுக்கு நம்பர் போட மாட்டாங்க" என்றார். நான் அதை என் வாயால் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. காசை ஆல்பத்து ஓட்டையில் வைத்துவிட்டேன். விளிம்பு அட்டைக்குள் போய்விட்டது, வெளியே ஒன்றும் தெரியாது. என்ன செய்யட்டும் சொல்.

அக்கா


பிப்ரவரி 11

அக்காவுக்கு,

அந்த இரண்டு வரி என்ன என்று நான் சொல்கிறேன். "வளையம் நீக்கப்பட்டது, விளிம்பு சீர்செய்யப்பட்டது." அப்படிப்பட்ட காசுக்குத்தான் தர எண் போட மாட்டார்கள். அபூர்வத்துக்கு இல்லை, பழுதுக்கு. பத்து வருஷம் அந்த வரி நம் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது. படிக்க ஒரு ஆள் இல்லை. படிக்கத் தெரிந்த என்னைத்தான் வெளியே அனுப்பியாயிற்றே.

லேபிளைத் தூக்கிப் போடாதே என்று எழுதினேன். அது வருவதற்குள் உனக்கு என்ன அவசரம்? சீலோடு இருந்திருந்தால் லேபிளில் இருக்கிற பதிவு நம்பர் போதும். எந்தத் தேதியில், யார் பேரில், எந்த நிலையில் அந்தக் காசு வந்தது என்று எல்லாம் நின்றிருக்கும். நான் வாயைத் திறக்கவே வேண்டாம். இப்போது அது வெறும் காசு. உடைக்காமல் இருந்தால் உனக்கே தெரிந்திருக்காது, அதுவும் எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. அம்மா கத்தினாள். நீ சுவரோரம் நின்றாய். அப்பா மட்டும் கத்தவில்லை. என் தோளில் கை போட்டுக் கடை வரைக்கும் கூட்டிப்போனார். "எடுத்திருந்தா சொல்லிடுடா. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். அக்கா, அந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை வருஷம் நான் அவரை மட்டும் வெறுக்காமல் இருந்தேன். வீட்டிலேயே நல்லவர் அவர் ஒருத்தர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை என் தோளில் இருந்தபோது காசு அவர் கடையில்தானே இருந்திருக்கும்?

அவரைக் கேட்கவும் முடியாது. கேட்க முடியாத இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அம்மாவிடம் சொல். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். நான் எடுக்கவில்லை என்று அவள் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும்.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். சொல்வதற்குப் பத்து நாள் ஆனது. அவள் காலையில் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் புரட்டுகிறாள். இருபத்தொன்பதைத் தாண்டும்போதெல்லாம் நான் தட்டோடு எழுந்து உள்ளே போய்விடுவேன். நேற்று வேலைக்கு விடுப்புப் போட்டேன். காசை வெளியே எடுத்து, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, மஞ்சள் பொட்டைக் காட்டினேன். முழுதாகச் சொன்னேன்.

அவள் பூதக்கண்ணாடியை வாங்கவே இல்லை. "அவன் கூட லெட்டர் போக்குவரத்து வச்சிருக்கன்னு எனக்குத் தெரியும். அவன் குடுத்தனுப்பின காசை நீ இதுல செருகி வச்சுட்டு, செத்தவர் தலையில பழி போடுறியா?" என்றாள்.

"நீ பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போதுதானேம்மா உடைச்சேன்" என்றேன். "முப்பத்து நாலையும் நான் எண்ணிக்கிட்டா இருந்தேன்?" என்றாள். நீ சொன்ன மாதிரி, சீலும் இல்லை, லேபிளும் இல்லை. மஞ்சள் பொட்டு என் கைவேலைதான் என்று நான் சொன்னால், அந்தக் கையாலேயே இதையும் உனக்காகச் செய்தேன் என்பாள்.

அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இரண்டு ஊமைக்கோட்டான்கள் மாதிரி தட்டைக் கழுவி வைத்துக்கொண்டிருக்கிறோம். காசு மேஜை மேல் கிடக்கிறது. அதை எடுத்து வைக்க இரண்டு பேருக்கும் வரவில்லை.

குப்பைக் கிடங்குக்குப் போய்க் கேட்டேன் என்று சொன்னால் சிரிப்பாய். கேட்டேன். "நாலு வாரத்துக்கு முந்தின மூட்டையாம்மா?" என்று அந்த ஆள் சிரித்தான்.

அக்கா


மார்ச் 4

அக்காவுக்கு,

அம்மாவை விடு. அவள் அப்படித்தான் சொல்வாள் என்று எனக்குத் தோன்றியது.

உன்னை ஒன்று கேட்கிறேன். விளிம்பைப் பார்த்த பிறகு நான் எடுக்கவில்லை என்று உனக்குத் தெரிந்தது. பார்ப்பதற்கு முன்? அந்தப் பத்துப் பதினோரு வருஷம் நீ என்ன நினைத்தாய்? நான்தான் எடுத்தேன் என்று நம்பினாயா?

மழுப்பாமல் எழுது. இல்லையென்றால் எழுதவே வேண்டாம்.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

நம்பினேன்.

நம்பினது மட்டும் இல்லை. காசு காணாமல் போன அன்றைக்கு நீ குளிக்கப் போயிருந்தபோது உன் பையைக் குடைந்தேன். புதுக் கைக்கடிகாரத்தின் ரசீது கிடைத்தது. அதைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தது நான்தான். நீ கிடங்கில் மூட்டை இறக்கிச் சம்பாதித்துக் கடிகாரம் வாங்கினாய் என்று உன் சிநேகிதன் இரண்டு மாதம் கழித்து வந்து சொன்னான். அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ரசீதைக் கொடுத்தவள் நான் என்று வெளியே வரும். காதும் காதும் வைத்த மாதிரி மறைத்துவிட்டேன். மறைத்தேன் என்பதையே மறந்தும்விட்டேன். அப்பாவைச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

மழுப்பாமல் கேட்டாய். எழுதிவிட்டேன். இனிமேல் நீ பதில் போடாவிட்டாலும் நான் கேட்கப் போவதில்லை.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை ஒட்ட முடியாது. உன் கடிதம் வந்த அன்று அதை மேஜை மேலேயே விட்டுவிட்டு லேபுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "அவன் உன்னைக் கேக்குறான். என்னைக் கேக்கலையே" என்றாள். அப்புறம் எழுந்து உள்ளே போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து அவிழ்த்தாள். மாமா போட்ட சங்கிலி. காசு இல்லாத வெறும் சங்கிலி.

"அடுத்த வருஷமே எனக்குத் தெரியும்டி. உங்கப்பா அரப்பெட்டியைத் துடைச்சு வைக்கலாம்னு எடுத்தேன். இந்தச் சங்கிலி அடியில கிடந்துச்சு. அப்படியே திரும்ப வச்சு மூடிட்டேன்" என்றாள்.

நான் கத்தினேன். என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. ஏன் கேட்கவில்லை, ஏன் உன்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கூட்டிக் குறைக்கவில்லை.

"கேட்டா ஒத்துக்குவாரு. ஒத்துக்கிட்டா அந்த மனுஷனுக்கு நான் எப்படிச் சோறு போடுறது? எங்கண்ணன் போட்ட சங்கிலிடி அது. பையனுக்குக் கை கால் நல்லா இருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்குவான்னு நினைச்சேன். நாளைக்குக் கேக்கலாம், நாளைக்குக் கேக்கலாம்னே இருந்துட்டேன். அவரு செத்த அன்னைக்குத்தான் அரப்பெட்டியில இருந்து இதை எடுத்தேன்."

"அப்ப போன மாசம், அவன் குடுத்தனுப்பினான்னு என்னை ஏம்மா சொன்ன?" என்று கேட்டேன்.

"சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சுடி" என்றாள்.

அந்த ஆல்பப் பிடிவாதம் எதற்கு என்று இப்போது புரிகிறதா? தன் வாயால் சொல்ல முடியவில்லை, என் கையால் வெளியே வரட்டும் என்று நினைத்திருக்கிறாள். வந்ததும் பயந்துபோய் என் மேலேயே பாய்ந்திருக்கிறாள். நல்ல குடும்பம்.

நீ எடுக்கவில்லை என்று அவள் சொன்னாள். ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை. ஆனால் என்னிடம்தான் சொன்னாள். உனக்கு எழுதச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தேன். "தம்பி" என்று எழுதிவிட்டு, உன்னை அப்படிக் கூப்பிட உரிமை இருக்கிறதா என்று கேட்டு வைத்துவிட்டாள். காசில் மறுபடி வளையம் வைக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, உன்னைக் கேட்கச் சொல்கிறாள்.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டேன். முதலில் நாலு பக்கம் எழுதினேன். அம்மாவுக்கு இரண்டு பக்கம், உனக்கு இரண்டு பக்கம். படித்துப் பார்த்த என் மனைவி, "இதை அனுப்பினா அவங்களுக்கு வலிக்கும். உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டாள். கிழித்துவிட்டேன். ஆனால் கோபம் போகவில்லை. உன்மேல் இருக்கிறது. அம்மாமேல் அதைவிட இருக்கிறது. பழகிவிட்டதாம். காசை என்ன செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள்.

உனக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். எனக்கு ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். நாலு வயதில், "உங்க அம்மா எங்கப்பா?" என்று கேட்டாள். செத்துப் போய்விட்டார்கள் என்று சொன்னேன். அப்பாவையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிட்டேன். அக்கா என்று ஒருத்தி இருந்ததாகவே சொல்லவில்லை.

அதனால்தான் அப்பா நிஜமாகவே செத்த அன்றைக்கு என்னால் வீட்டில் அழ முடியவில்லை. ஏற்கெனவே செத்துப் போனவருக்கு மறுபடி எப்படி அழுவது? வேலைக்குப் போய் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, மேலே விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதேன். வராதே என்று நீ போனில் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. வந்திருந்தால் மகளிடம் எங்கே போகிறேன் என்று சொல்வேன்?

போன ஞாயிற்றுக்கிழமை அவளை உட்கார வைத்துச் சொன்னேன். பாட்டி இருக்கிறார்கள், அத்தை இருக்கிறாள், நான் சொன்னது பொய் என்று சொன்னேன். ஏன் சொன்னீங்க என்று கேட்டாள். கோபத்தில் சொன்னேன் என்றேன். ரொம்ப நேரம் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் கேட்டாள், "அவங்க செத்துப் போனது அவங்களுக்குத் தெரியுமாப்பா?"

தெரியாது என்றேன்.

"அப்ப சொல்லிடாதீங்க. பாவம், அழுவாங்க. நானும் சொல்ல மாட்டேன்" என்றாள். சத்தியம் பண்ண என் கையைப் பிடித்தாள்.

அக்கா, நான் கையை இழுத்துக்கொண்டேன். அவள் மிரண்டுபோனாள். எவ்வளவு அன்பாகச் சொன்னாள் தெரியுமா? நம் வீட்டில் எல்லாரும் இப்படித்தானே ஆரம்பித்திருப்போம். என் மகளாவது மறைக்கப் பழக வேண்டாம்.

உன் நம்பரைத் தடையிலிருந்து எடுத்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். நீ எடுக்காதே, அம்மாவை எடுக்கச் சொல். பக்கத்தில் என் மகள் இருப்பாள். அவள் காது கேட்கத்தான் முதலில் இதைச் சொல்வேன். மூன்று வருஷமாக உன்னைச் செத்தவள் என்று சொல்லி வைத்திருந்தேன் அம்மா என்பேன். அதைக் கேட்ட பிறகும் அம்மா போனை வைக்காமல் இருந்தால், அவள் சொல்ல வேண்டியதை அப்புறம் சொல்லட்டும்.

தம்பி